மைனஸ் நாலு முதல் பிளஸ் நாலு வரை

இந்த ஆண்டு புதிதாகக் கணக்குப் பாடம் எடுக்க வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். ஆகவே கணக்கைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதில் நம் ஆட்கள் எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறோம். நீங்களும் விழப்போகிறீர்கள். பள்ளம் இருக்கிறது என்றாவது தெரிந்து விழுங்கள்.

நான் ஏற்காட்டுக்கு வந்தது கேட்டு வாங்கிய மாறுதலில். கலந்தாய்வில் மலைமேல் இடம் என்றதும் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துகொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முந்தைய வருடம்தான் என் கணவர் தவறிப்போயிருந்தார். குழந்தைகள் கிடையாது. சேலத்தில் நாங்கள் இருந்த வீட்டின் சமையலறையில் என்னால் நிற்கவே முடியவில்லை. எங்கே போனாலும் ஒன்றுதான், குளிராவது அடிக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் சேலத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். கடைசி மணி அடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார்கள். "டீச்சர், பஸ்ஸு போயிருமுங்க, நாளைக்குச் சொல்லுங்க" என்று பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார்கள். மறுநாள் அந்தப் பேச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கு மட்டும் பிடிக்க வேண்டிய பஸ் என்று ஒன்று இல்லை. மெதுவாக நடந்து, கடைத்தெருவில் ஒரு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு, பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போவேன். அதற்கப்புறம் மறுநாள் காலை வருகைப் பதிவு எடுக்கும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டிய தேவை இருக்காது. தனிமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் தத்துவம் எல்லாம் பேச மாட்டேன். மாலை ஐந்து மணிக்கு மேல் நம்மைக் கூப்பிட ஒருவரும் இல்லாமல் இருப்பது, அவ்வளவுதான்.

சரி, பள்ளத்துக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்பில் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு கூட்டத்தைப் பிரித்து உங்களிடம் ஒப்படைப்பார்கள். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். வாயாடுவதில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. அவர்களைக் கரையேற்ற நமக்கு ஒரு வழி உண்டு. வரைபடம் ஒன்று, செய்முறை வடிவியல் ஒன்று, இந்த இரண்டு கேள்விகளையும் சரியாகச் செய்துவிட்டால் தேர்ச்சி மதிப்பெண்ணில் கிட்டத்தட்டப் பாதி வந்துவிடும். அதனால் வரைபடத்தை மனப்பாடமாகவே ஏற்றிவிடுவோம். x-க்கு மைனஸ் நாலில் ஆரம்பி, பிளஸ் நாலில் முடி, அட்டவணை போடு, புள்ளி வை, கோடு இழு. பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஏன் மைனஸ் நாலு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சொல்லிக்கொடுத்த நமக்கும் தெரியாது. நமக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படிப் போட்டார்கள், நாமும் போடுகிறோம்.

பெரும்பாலான கணக்குகளுக்கு அது சரியாகவே வரும். இந்த வரைபடத்தில் வரும் பரவளையம் என்பது ஒரு கிண்ணத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போன்ற வளைவு. அதன் நடுவே ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டில் தாளை மடித்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சாக ஒன்றின்மேல் ஒன்று படியும். அதுதான் சமச்சீர் அச்சு. அந்தக் கோடு பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கும்வரை நம் மனப்பாடம் பிழைத்துக்கொள்ளும். கோடு தள்ளிப் போய்விட்டால் பாதிக் கிண்ணத்தை வரைந்துவிட்டு முழுக் கிண்ணம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவார்கள்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது செல்வி. அவள் மாணவி இல்லை. முப்பதைத் தாண்டிய பெண். நாகலூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர், காபி எஸ்டேட்டில் வேலை. கல்யாணமாகிப் போன இடம் சரிப்படாமல் திரும்பி வந்து, கண் சரியாகத் தெரியாத அம்மாவோடு இருந்தாள். ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்கு வந்து, தனித்தேர்வு எழுத யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். ஆபீஸில் என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

"மத்ததெல்லாம் அப்பவே பாஸுங்க டீச்சர். கணக்கு மட்டுந்தானுங்க நிக்குது" என்றாள்.

"இத்தனை வருசம் கழிச்சு எதுக்கு இப்ப?"

"எங்கூரு அங்கன்வாடி டீச்சரு ரிட்டையரு ஆவப்போறாங்க. பத்தாவது பாஸான உள்ளூருப் பொம்பள வேணுமாம். பாஸானா எனக்குக் கெடைக்குமுங்க. இல்லாட்டி அண்ணன் திருப்பூருக்கு வரச்சொல்லுது, பனியன் கம்பெனிக்கு."

"போறதுதானே?"

"அம்மாவ யாருகிட்டங்க வுட்டுட்டுப் போறது? அது மலைய வுட்டு எறங்காதுங்க."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். துணைத்தேர்வில் கணக்குத் தேறினால் அம்மாவோடு ஊரில் இருக்கலாம். தேறாவிட்டால் திருப்பூர். அடுத்த தேர்வு வரை அந்த இடம் காலியாக இருக்காது.

எஸ்டேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலை பஸ்ஸில் வருவாள், மாலை பஸ்ஸில் போவாள். நான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக நான் திங்கட்கிழமையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தேன். சனிக்கிழமை வீட்டைக் கூட்டுவேன். ஒருத்திக்கு என்று சமைத்துப் பழகிய கை, இரண்டு பேருக்கு உப்புப் போடத் தடுமாறியது. அவள் வந்ததும் செருப்பை வாசலில் கழற்றிக்கொண்டே "ஏனுங்க டீச்சர், இன்னிக்கு என்னங்க வடிவியலா, கிராஃபுங்களா?" என்று கேட்பாள். அந்தக் குரல் வீட்டுக்குள் வருவதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். கூட்டல் கழித்தலில் கை தடுமாறும். மைனஸ் குறியைக் கண்டால் பயப்படுவாள். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வாள். மைனஸ் நாலு முதல் பிளஸ் நாலு வரை அவளுக்கும் மனப்பாடமாகிவிட்டது. வடிவியலும் வந்துவிட்டது. மிச்சம் கொஞ்சம் ஒரு மதிப்பெண் கேள்விகளில் தேற்றிவிடலாம் என்று இருந்தேன்.

தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பழைய துணைத்தேர்வு வினாத்தாள் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வரைபடக் கேள்விக்கு வந்ததும் புரட்டுவதை நிறுத்தினேன். கோடு தள்ளிப்போன கணக்கு. அதே மாதிரி இந்த முறையும் வந்தால் செல்வி பாதிக் கிண்ணத்தோடுதான் வெளியே வருவாள்.

எங்கள் தலைமையாசிரியரும் கணக்குக்காரர்தான். நல்ல மனிதர். செல்விக்கு இதையும் சொல்லிக்கொடுக்கலாமா என்று வினாத்தாளை அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாங்க டீச்சர். கடைசி நேரத்துல புதுசா ஒண்ணச் சொன்னீங்கன்னா தெரிஞ்சதும் போயிரும். எத்தன புள்ளைங்களப் பாத்திருக்கோம். நடுக்கோட்டக் கண்டுபிடிக்க மைனஸ் பி பை டூ ஏ-ன்னு நீங்க ஆரம்பிச்சா அந்தம்மா மைனஸ்லயே வுழுந்துரும். வர்ற கணக்கு வரட்டும், உட்டுருங்க."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நம் தொழிலில் முட்டாள்தனமான யோசனையைத் தள்ளிவிடுவது சுலபம். நியாயமான யோசனையைத்தான் என்ன செய்வதென்று தெரியாது. அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். சொல்லிக்கொடுத்துக் குழம்பிப்போனால் கைக்கு வந்த மதிப்பெண்ணும் போகும். சொல்லாமல் விட்டு அந்தக் கணக்கே வந்துவிட்டால் அப்போதும் போகும். இதற்கு நடுவே இன்னொரு எண்ணமும் எட்டிப் பார்த்தது. தேறிவிட்டால் அவள் ஊரோடு இருந்துகொள்வாள், இங்கே வர மாட்டாள். தேறாவிட்டால் திருப்பூருக்குப் போய்விடுவாள், அப்போதும் வர மாட்டாள். எப்படிப் பார்த்தாலும் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அழுகை வந்தது. அழுது முடித்ததும் ஒரு விதத்தில் தெளிவாக இருந்தது. என் கணக்கில் இரண்டு பக்கமும் ஒரே விடைதான், ஆகவே அவள் கணக்கை மட்டும் பார்த்தால் போதும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. செல்வியிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு கணக்கை எழுதி நீட்டினேன். y = x² − 8x + 12.

வழக்கம்போல மைனஸ் நாலில் ஆரம்பித்தாள். அறுபது, நாற்பத்தைந்து, முப்பத்திரண்டு என்று இறங்கி, பூச்சியத்தில் பன்னிரண்டு, இரண்டில் பூச்சியம், மூன்றில் மைனஸ் மூன்று, நான்கில் மைனஸ் நான்கு. எல்லாம் சரி. புள்ளி வைத்துக் கோட்டை இழுத்தாள். இழுத்துவிட்டுப் பென்சிலை எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க டீச்சர், இது எறங்கிச்சுங்க. ஏறவே மாட்டேங்குது."

"ஏன்?"

"தெரியலீங்க. நான் எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டேன்."

அழிரப்பரை எடுத்து அட்டவணை முழுவதையும் அழித்தாள். மறுபடி போட்டாள். அதே எண்கள் வந்தன. முகம் மாறிவிட்டது. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"போன வாரம் வரைக்கும் நல்லா வந்துச்சுங்க. இப்ப எல்லாம் மறந்துபோச்சுங்க டீச்சர். நான் திருப்பூருக்கே போயிக்கறனுங்க."

தலைமையாசிரியர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. மாலை பஸ்ஸுக்கு அதிக நேரம் இல்லை. சூத்திரம் என் நாக்கு நுனியில் நின்றது. எழுதிக் கொடுத்து, இதைப் போடு, விடை வரும் என்று சொல்லிவிடலாம். ஆனால் b என்பது மைனஸ் எட்டு, அதற்கு முன்னால் இன்னொரு மைனஸ் என்று சொன்ன உடனே இவள் அந்த இரண்டு மைனஸுக்கும் நடுவே மாட்டிக்கொள்வாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. சூத்திரத்தை விழுங்கிவிட்டேன்.

"பூச்சியம் போட்டா என்ன வந்துச்சு?" என்றேன்.

"பன்னெண்டுங்க."

"வேற எங்கியாச்சும் அதே பன்னெண்டு வருமா, பாரு கண்ணு."

பார்த்தாள். அட்டவணையில் இல்லை. மோட்டுவளையைப் பார்த்தாள். மழையைப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்தேன். இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி எது என்று கேட்டால் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். சுவரில் கடிகாரம் இருக்கும், விடை நமக்குத் தெரிந்திருக்கும், எதிரில் இருப்பவர் தவிப்பார். சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. அவருக்கு ஒன்றும் இல்லை.

"பன்னெண்டு மட்டும் மிஞ்சோணும்னா முன்னால இருக்கறது ரெண்டும் அடிபட்டுப் போவோணுமுங்க" என்றாள் மெதுவாக. "x ஸ்கொயரும் எட்டு x-உம் ஒண்ணா இருக்கோணும். அப்பன்னா எட்டுங்க. எட்டெட்டு அறுவத்திநாலு, அறுவத்திநாலுல அறுவத்திநாலு போச்சு. பன்னெண்டுங்க."

"பூச்சியத்துலயும் எட்டுலயும் ஒரே உசரம். அப்ப நடுவு எங்க?"

"நாலுங்க."

சொல்லிவிட்டு அட்டவணையைப் பார்த்தாள். அது நாலோடு முடிந்திருந்தது.

"பாதியிலயே நிறுத்திப்போட்டனுங்க டீச்சர்" என்றாள். "நடுவுக்கு வந்ததும் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுட்டேன்."

அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலில் நெடுக ஒரு கோடு போட்டாள். ஐந்துக்குக் கணக்குப் போடவே இல்லை, மூன்றுக்கு என்ன வந்ததோ அதையே எடுத்து வைத்தாள். ஆறுக்கு இரண்டின் விடை, ஏழுக்கு ஒன்றின் விடை. எட்டில் பன்னிரண்டு. தாளைக் கோட்டில் மடித்து, ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தன. எனக்கு நல்ல கோடுகளை வரைந்து காட்டிய பிள்ளைகள் எத்தனையோ பேர் உண்டு. மடித்துப் பார்க்க வேண்டும் என்று தானாகத் தோன்றியது அவளுக்குத்தான்.

பிரித்த தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாப் புள்ளிக்கும் அந்தப் பக்கம் ஒரு ஜோடி இருக்குதுங்க. மூணுக்கு அஞ்சு. ரெண்டுக்கு ஆறு. அடியில நிக்குது பாருங்க, நாலு, அதுக்கு மட்டும் ஜோடி இல்லீங்களே."

"அது கோட்டு மேலயே நிக்குது. மடிச்சா அது மேலயே அதுதான் வுழும்."

"பாவமுங்க" என்றாள் செல்வி.

இருவரும் சிரித்தோம். குடையை எடுத்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது புள்ளியைத்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று விளக்குப் போடத் தோன்றாமல் கொஞ்ச நேரம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தேர்வு மையம் சேலத்தில். அன்று காலை மலை ரோட்டில் பாறை சரிந்து பஸ் நிற்கிறது என்று பள்ளிக்குச் செய்தி வந்தது. கீழிருந்து வரும் ஆசிரியர்கள் யாரும் வந்து சேரவில்லை. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டு, செல்விக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அன்று நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

மாலையில் அவளே கூப்பிட்டாள். "குப்பனூரு ரோட்டுல ஜீப்பு போச்சுங்க டீச்சர். அந்தப் பக்கமா எறங்கிட்டேன். கணக்குல கோடு மூணுல வந்துச்சுங்க. மைனஸ் நாலுல ஆரம்பிக்கலீங்க. மூணுல கோட்ட நட்டுவெச்சுட்டு ரெண்டு பக்கமும் ஒரே அளவாப் போனேனுங்க."

அவள் தேறினாள். மதிப்பெண் ஒன்றும் பெரிதாக இல்லை, தேறினாள், அவ்வளவுதான். ஒரு பை நிறைய பட்டர் ஃப்ரூட்டும் கொய்யாவும் எடுத்துக்கொண்டு வந்தாள். "நொம்ப சந்தோசமுங்க டீச்சர். இனி ஞாயித்துக்கெழம உங்களுக்குத் தொந்தரவு இல்லீங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். கொய்யா கனிந்து தீரும்வரை வீடு முழுக்க அந்த மணம் இருந்தது.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அச்சைக் கண்டுபிடித்துவிட்டு அட்டவணை போடச் சொல்லுங்கள். சூத்திரம் வராத பிள்ளைக்கு ஒரே உயரத்தில் இரண்டு இடத்தைத் தேடச் சொல்லுங்கள், நடுவு தானாகக் கிடைக்கும். மைனஸ் நாலு யாரோ ஒருவரின் வசதிக்குப் போட்டது, அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். இது பாடம். இன்னொன்று பாடத்தில் சேராது. நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் திரும்பி வர மாட்டார்கள். தேறாதவர்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். நம் வேலை சரியாக நடந்ததற்கு அடையாளமே வாசலில் ஆள் இல்லாமல் இருப்பதுதான். அது நல்ல விஷயம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். வலிக்காது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சில பொங்கலுக்குச் செல்வியிடமிருந்து போன் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. நான் ஓய்வு பெற்றேன். கீழே போய் இருக்க எனக்கு யாரும் இல்லாததால் ஏற்காட்டிலேயே தங்கிவிட்டேன். பள்ளி இல்லாமல் போனபின் வாரத்தில் எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. இந்தக் கோடையில் ஒரு நாள் பால் வாங்கப் போனவள், பஸ் ஸ்டாண்டில் நாகலூர் பஸ் நிற்பதைப் பார்த்து ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தேன். அங்கன்வாடி சின்னக் கட்டடம். கதவு திறந்திருந்தது. செல்வி முடி நரைத்து, கொஞ்சம் பருத்திருந்தாள். தரையில் சாக்பீஸால் நெடுக ஒரு கோடு போட்டு, பிள்ளைகளை இரண்டு பக்கமும் எதிரெதிராக நிறுத்திக்கொண்டிருந்தாள். ஏதோ கைதட்டும் விளையாட்டு. எல்லோருக்கும் எதிரே ஒரு ஆள் கிடைத்துவிட்டது. ஒரு சின்னப் பெண்ணுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழத் தயாராக நின்றது.

செல்வி அதன் கையைப் பிடித்துக் கொண்டுவந்து கோட்டின்மேல் நிறுத்தினாள்.

"நீ இங்க நில்லு சாமி. அழுவக்கூடாது. கோடு எங்க இருக்குதுன்னு இவங்கெல்லாம் உன்னப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும். நீ நவுந்தீன்னா எல்லாரும் நவுந்து போயிருவாங்க."

அந்தப் பெண் இரண்டு காலையும் கோட்டின்மேல் ஒட்டி வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. விளையாட்டு தொடங்கியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை கூட எடுத்துவரவில்லை. கையில் பால் வாங்கும் பை மட்டும்தான் இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க டீச்சர், வெளிய நின்னுட்டு? உள்ள வாங்க. புள்ளைங்களா, இவங்கதான் எனக்குக் கணக்கு டீச்சர்."

பிள்ளைகள் எல்லாம் பாடுவதைப் போல வணக்கம் சொன்னார்கள். கோட்டின்மேல் நின்ற பெண் மட்டும் நகராமல் சொன்னது.

"இவுங்க எல்லாம் போனதும் ஊட்டுக்குப் போலாமுங்க" என்றாள் செல்வி. "அம்மா உங்களக் கேட்டுக்கிட்டே இருக்கும். சாப்புட்டுத்தான் போவோணும். ஏற்காட்டுக்குக் கடைசி பஸ்ஸு ஆறு மணிக்குத்தானுங்க."

மலைக்கு வந்த இத்தனை வருடத்தில் எனக்கும் பிடிக்க வேண்டிய கடைசி பஸ் என்று ஒன்று இருந்தது அன்றைக்குத்தான். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்த்தான் அதைப் பிடித்தேன்.